ஒரே எடை

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் நான்கு கனெக்டிங் ராடுகளும் ஒரே எடை காட்டின. மார்லூசி தராசை அணைத்துப் போட்டு மறுபடி நிறுத்தாள். அதே எடை. ஒவ்வொன்றையும் ஒரு முனையைத் தராசில் வைத்து, மறுமுனையைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்தாள். பிறகு முனை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அரைக் கிராம் விலகவில்லை.

இப்படி அமைவது அபூர்வம். வழக்கமாக நான்கில் எது இலேசோ அதை ஒதுக்கி வைத்து, மற்ற மூன்றையும் அந்த எடைக்கு வரும்வரை தேய்க்க வேண்டும். ஒரு பகல் முழுக்க அதிலேயே போய்விடும். இந்த முறை அந்த வேலையை யாரோ முன்பே செய்திருந்தார்கள். மூன்று ராடுகள் ஒரே நிறத்தில் கருத்திருந்தன. நான்காவது மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அதன் இரு முனைகளிலும் அரம் போட்ட பளபளப்பு புதிதாக இருந்தது. மற்ற மூன்றோடு சேர்வதற்காகப் பொறுமையாகத் தேய்த்திருக்கிறார்கள். அந்தக் கைக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"என்னக்கா, தராசு கெட்டுப்போச்சா? மொறச்சுப் பாத்துட்டே இருக்க."

தம்பி ஜெனிவால் வாசலில் நின்று மாம்பழம் கடித்துக்கொண்டிருந்தான்.

"உன் அதிர்ஷ்டம்டா. நாலும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி ஒத்திருக்கு."

"ஒரு வயித்துப் பிள்ளைங்க எங்க ஒத்திருக்கு? நம்மளையே பாரு. நான் அழகு, நீ..."

எண்ணெய்த் துணி அவன் முகத்தில் போய் விழுந்தது.

நத்தால் நகரத்துக்கு வடக்கே, ஆற்றைத் தாண்டினால் மணல்மேடுகள். ஜெனிவால் அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு மணல்வண்டி ஓட்டினான். பழைய ஃபுஸ்கா காரின் அடிச்சட்டம், மேலே கூரையில்லாத கண்ணாடியிழை உடல், பின்னால் தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிரும் இன்ஜின். அவனுடைய இன்ஜின் கிழடாகிவிட்டது. ஆள் நிறைத்துக்கொண்டு சுவரில் ஏறாது. சுவர் என்பது அங்கே உள்ளதிலேயே செங்குத்தான மேடு. அதன் அடியில் ஜெனிவால் பயணிகளை இறக்கி நடக்கவிட்டு, காலி வண்டியை மேலே கொண்டுபோய்க் காத்திருப்பான். அவன் வண்டியில் ஏறினால் உடற்பயிற்சி இலவசம் என்று மற்ற ஓட்டுநர்கள் பயணிகள் காதுபடவே சொன்னார்கள்.

கூட்டம் அள்ளும் கார்னிவல் திருவிழாவுக்கு முன் ஓட்டுநர் சங்கம் வண்டி வரிசையைத் திருத்தும். ஆள் நிறைத்துச் சுவரேறாத வண்டி வரிசையின் வாலுக்குப் போகும். வாலில் நிற்கிறவனுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் ஆள் கிடைக்கும். கிடைத்தால்.

அதனால்தான் இந்தப் பெரிய இன்ஜின்.

இன்ஜினைப் பெரிதாக்குவது என்றால் பெரிய பிஸ்டன் வாங்கி மாட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மார்லூசிக்கு அது பொருத்தம் பார்க்கிற வேலை. ஒன்றைப் பெரிதாக்கினால் பக்கத்தில் இருப்பது முரண்டு பிடிக்கும். பெரிய சிலிண்டர் உட்கார இன்ஜின் பெட்டியின் வாயை லேத்தில் அகலப்படுத்தினாள். நீளமாக வீசும் கிராங்க் தண்டு போட்டதால் ராடு சுழலும்போது பெட்டியின் உள்சுவரில் உரசாமல் இருக்க அங்கங்கே சுரண்டி எடுத்தாள். பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து, சிலிண்டருக்கு அடியில் மெல்லிய வளையங்கள் கொடுத்தாள். சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின் குழிகளை ஊசிக்குழலால் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு அளந்தாள். நான்கு குழியும் ஒரே கொள்ளளவு வரும்வரை விடவில்லை. ஒத்துப்போகாத ஒரு சாமானும் அவள் கையிலிருந்து இன்ஜினுக்குள் போனதில்லை. மார்லூசி கட்டிய இன்ஜின் என்றால் மேட்டில் நிற்காது என்று ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பேச்சு.

ராடுகளும் உள்ளே போயின. கிராங்கில் நான்கையும் மாட்டிக் கையால் சுற்றினாள். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது.

*

இன்ஜின் வண்டியில் ஏறி, ஓடி, சூடாகி, ஆறிய பிற்பகலில் நொனாத்தோ வந்தான். அவன்தான் பழைய சாமான்கள் கொண்டுவருகிறவன். சிறு லாரியில் உள்நாடெல்லாம் சுற்றி, உடைந்த வண்டிகளிலிருந்து கழற்றியதை வாங்கி வந்து பட்டறைகளுக்குக் கொடுப்பான். வாய் ஓயாத ஆள். வந்த உடனே வண்டியைச் சுற்றி வந்து, இன்ஜினைத் தட்டிப் பார்த்து, காப்பி கேட்டான்.

"எப்படி என் சரக்கு?"

"நல்ல சரக்குதான். ராட யாரு தேச்சது?"

நொனாத்தோவின் முகம் மலர்ந்தது. "வேற யாரு, நாந்தான். மூணுதான் கெடச்சுது. நாலாவத வேற எடத்துல புடிச்சு, மூணோட எடைக்கு நானே ஒக்காந்து தேச்சேன். உன் தராசு பொல்லாத தராசாச்சே. கொறஞ்சா மூஞ்சில வீசிடுவ."

மார்லூசி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன் மூணு?"

"என்னது?"

"ஒரு இன்ஜினுக்கு ராடு நாலு. உனக்கு ஏன் மூணு கெடச்சுது?"

நொனாத்தோ காப்பியை ஊதினான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"நொனாத்தோ. நாலாவது என்னாச்சு?"

"போச்சு."

"எங்க போச்சு?"

"இன்ஜின் வயித்தக் கிழிச்சுட்டு வெளிய போச்சு. மொசொரோ பக்கம் ஒரு பந்தய வண்டி. அதுக்கு என்ன இப்போ? மிச்சம் மூணும் தங்கமாட்டம் இருக்கு. நேரா இருக்கான்னு அளந்துதான் எடுத்தேன்."

ஒரு ராடு உடைந்த இன்ஜினில் மிஞ்சும் மூன்றையும் அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் விதவைகள் என்பார்கள். முழு வேகத்தில் சுழலும் இன்ஜின் கண்ணிமைப்பதற்குள் நின்றுபோனால், அந்த அடி மொத்தமும் மிஞ்சிய மூன்றின் மேல் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அளந்தால் நேராக இருக்கும். நிறுத்தால் எடை இருக்கும். உள்ளே என்ன ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. சில ராடுகள் காலமெல்லாம் ஓடும். சில அடுத்த மேட்டிலேயே போய்விடும். அதனால் விதவைகளைக் கழற்றிய கையோடு இரண்டாக அறுத்துப் போட்டுவிடுவார்கள். இன்னொருவன் பட்டறைக்குப் போகக் கூடாது.

"நீ ஏன் அறுக்கல?"

"அட, அதெல்லாம் பழைய ஆளுங்க கட்டிவிட்ட கத மார்லூ. இரும்புக்கு என்ன துக்கம் தெரியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீ கேக்கலையே."

அவள் கேட்கவில்லை. உண்மைதான். நான்காவது வெளுத்திருந்ததைப் பார்த்தாள். அரம் போட்ட பளபளப்பைப் பார்த்தாள். மூன்று ஒரு வீடு, ஒன்று வேறு வீடு என்று கண் சொன்னது. தராசு ஒரே எடை என்று சொன்னது. அவள் தராசை நம்பினாள்.

குவளையைக் கீழே வைத்தாள். வண்டியின் பின்னால் இன்ஜின் துடைத்த பாத்திரம் போல் மின்னியது. உள்ளே அந்த மூன்றும் இருந்தன. இப்போது சும்மா இருந்தன.

*

அன்றிரவு வீட்டில் சோளமாவு வேகும் வாசனை வந்தது. ஜெனிவால் தட்டில் குஸ்குஸும் முட்டையும் போட்டுக்கொண்டு, உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றினான். அவள் சொல்லி முடிக்கும்வரை சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"உடையும்னு சொல்றியா?"

"தெரியாது."

"உடையாதுன்னு சொல்றியா?"

"அதுவும் தெரியாது."

"அப்போ உனக்கே தெரியாத ஒண்ணுக்குப் பயந்து நான் போய் வால்ல நிக்கணும்."

"கார்னிவல் முடிஞ்சு புது ராடு வரும். பிரிச்சு மாட்டித் தரேன்."

"கார்னிவல் முடிஞ்சு என் வண்டில யாரு வருவா? நண்டா?" தட்டைத் தள்ளினான். "நீதானே பாத்துப் போட்ட?"

"எடையப் பாத்தேன்."

"எடைய மட்டுமா பாத்த? சிலிண்டரத் தடவித் தடவிப் பாத்த. குழியில சொட்டு விட்டுப் பாத்த. பெத்தவ கூட பிள்ளைய அப்படிப் பாக்க மாட்டா. இப்போ ஒரு சாமான் விக்கிறவன் வந்து கத சொன்னான்னு நடுங்குற."

அவன் தள்ளிய தட்டை அவள் எடுத்து ஒதுக்கினாள்.

"நாளைக்குக் காலைல நீ வழக்கப்படி பின்னால ஒக்காரு," என்றான். "ஏறிட்டா முடிஞ்சது. கீழ ஒரு குடும்பம் காத்துட்டிருக்கும். கோயானியா ஊர்க்காரங்க. சத்திரத்துலயே பேசி முடிச்சுட்டேன்."

புது இன்ஜின் முதல்முறை சுவரேறும்போது கட்டியவர் பின்னால் உட்கார வேண்டும். அது அங்கே வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை. உள்ளே இருக்கைகளில் அல்ல, பயணிகள் விரும்பி உட்காருகிற பின்விளிம்பில், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் முதுகுக்குப் பின்னால் அதிர. மேலே போய்ச் சேர்ந்தால் மற்ற ஓட்டுநர்கள் ஒலிப்பான் அடிப்பார்கள். அதன் பிறகு அந்த வண்டியில் யாரை வேண்டுமானாலும் ஏற்றலாம். மார்லூசி எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறாள். ஒருமுறையும் பயந்ததில்லை. உள்ளே இருந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

மேட்டின் பாதியில் ராடு உடைந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். இன்ஜின் இறுகும். பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் கிளட்சை அழுத்தினால் வண்டி பின்னோக்கி வழுக்கும். மணலில் பிரேக் பிடிக்காது. மூக்கு கொஞ்சம் திரும்பினால் போதும். உருண்டு வரும். பின்விளிம்பில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் அடியில் போவார்கள்.

சங்கத் தலைவர் சிரிலோவின் இடது காலை அப்படித்தான் சுவர் வாங்கிக்கொண்டது.

*

மறுநாள் காலை தெப்பக்காரர்கள் கழி ஊன்றி வண்டியை அக்கரை சேர்த்தார்கள். ஜெனிவால் அவர்களோடு பந்தாட்டம் பேசிக்கொண்டே வந்தான். மார்லூசி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையேறியதும் பின்விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்தாள். இன்ஜின் உயிர்பெற்றது. முதுகுத்தண்டில் அதிர்வு ஏறியது. சீரான அதிர்வு. அவள் கட்டியதிலேயே சீரானது இதுதான். அதுவே அவளைப் பயமுறுத்தியது.

முதலில் சின்ன மேடுகள். ஜெனிவால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினான். வண்டி எண்ணெயில் வழுக்குவது போல் ஏறியது. அவன் சத்தமாகச் சிரித்தான்.

"பாத்தியாக்கா! வெறி புடிச்ச குதிர!"

அவள் இன்ஜின் பக்கம் சாய்ந்தாள். காது முழுக்கப் பின்னால் இருந்தது. ராடு விட்டுப்போவதற்கு முன் ஒரு தட்டல் கேட்கும் என்பார்கள். மரக்கதவை விரல் மடக்கித் தட்டுவது போல. சில சமயம் அதுவும் கேட்காது. இரண்டாவது மேட்டில் ஒரு தட்டல் கேட்டது. கம்பியில் அவளுடைய வளையல் தட்டிய சத்தம். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு மேடாகத் தாண்டத் தாண்டப் பயம் குறைய வேண்டும். அவளுக்குக் கூடியது. ஒருவேளை இன்று உடையாது என்று தோன்றத் தொடங்கியதுதான் காரணம். இன்று உடையாவிட்டால் ஒலிப்பான்கள் அடிக்கும். கோயானியாக் குடும்பம் ஏறும். நாளைக்கு வேறு குடும்பம். கார்னிவல் முழுக்க, ஒரு நாளைக்கு எத்தனையோ முறை, அந்த மூன்றும் உள்ளே மேலும் கீழும் போய் வந்துகொண்டிருக்கும். அவள் பட்டறையில் இருப்பாள். போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்கப் பயப்படுவாள்.

சுவரின் அடியில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. ஓட்டுநர்கள் தொப்பியை நெற்றிக்கு இறக்கிவிட்டு நிழல் இல்லாத இடத்தில் நிழல் தேடி நின்றார்கள். சிரிலோ கைத்தடியை மணலில் ஊன்றி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டான்யா உடற்பயிற்சி வாத்தியார்!" என்று ஒருவன் கத்தினான்.

"இன்னிக்கு உங்களுக்குப் பாடம் எடுக்கறேன், இருங்கடா!" என்றான் ஜெனிவால்.

குடையின் கீழே அந்தக் குடும்பம் இருந்தது. தகப்பன், தாய், இரண்டு பெண் குழந்தைகள். இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தாய் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பார்வையை இறக்கிக்கொண்டாள். சின்னப் பெண் வண்டியருகே ஓடிவந்து மார்லூசியை ஏறிட்டுப் பார்த்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"ஆண்ட்டி, அடுத்த தடவ அங்க நான் ஒக்காரலாமா? நீங்க ஒக்காந்திருக்கிற எடத்துல?"

"ஒக்காரலாம் ராஜாத்தி," என்றான் ஜெனிவால் முன்னாலிருந்து. "அதுதான் இருக்கறதுலயே நல்ல எடம். அம்மாகிட்ட கேட்டு வெச்சுக்கோ, பதறப் பதறப் போகணுமா, பதறாமப் போகணுமான்னு."

எல்லா ஓட்டுநர்களும் பயணிகளிடம் கேட்கிற கேள்வி அது. எல்லாப் பயணிகளும் பதறப் பதற என்றுதான் சொல்வார்கள். பதறினாலும் ஒன்றும் ஆகாது என்று யாரோ பார்த்து வைத்திருப்பார்கள் என்கிற நம்பிக்கை.

குழந்தை ஓடிப்போயிற்று. ஜெனிவால் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, சமதரையில் ஓட்டம் பிடிக்க இடம் விட்டு நிறுத்தினான். எதிரே சுவர் வானத்தைப் பாதி மறைத்தது. இன்ஜினை உறுமவிட்டான்.

"புடிச்சுக்கோக்கா."

மார்லூசி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். இறங்கினாள்.

இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. ஜெனிவால் திரும்பிப் பார்த்தான்.

"என்னாச்சு?"

"நான் ஒக்கார மாட்டேன்."

"அக்கா."

"முடியாதுடா."

அவன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். எல்லோரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலை இறக்கினான். "ஏறு. ஒரே ஒரு தடவ. கால்ல வேணா விழறேன். வீட்டுக்குப் போய் என்ன வேணா திட்டு."

"ஒரு தடவதான்னா ஏறிடுவேன். இது ஒரு தடவ இல்ல."

"இத்தன பேரு முன்னாடியா? நேத்தே வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே!"

"நேத்து எனக்குத் தைரியம் இல்ல."

கேலி பேசியவன் தொப்பியை நெற்றியிலிருந்து ஏற்றிவிட்டுப் பார்த்தான். கட்டியவர் இறங்கி அங்கே யாரும் பார்த்ததில்லை. சிரிலோ நாற்காலியிலிருந்து எழுந்து தடியை ஊன்றி ஊன்றி வந்தார். இன்ஜினைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என்னம்மா உள்ள?"

"விதவைங்க," என்றாள். "மூணு. தெரியாமப் போட்டுட்டேன்."

யாரோ சிலுவைக்குறி போட்டார்கள். மார்லூசியின் இன்ஜின் என்று இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம்.

சிரிலோ தலையை ஆட்டினார். "கட்டினவளே எறங்கிட்டா. முடிஞ்சது. ஜெனிவால், வண்டிய ஓரங்கட்டு."

ஜெனிவாலின் கழுத்து சிவந்தது. "யாரும் ஒக்கார வேணாம். நான் காட்டறேன்."

"டேய்!"

வண்டி பாய்ந்தது. மணல் மார்லூசியின் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவன் சுவரின் காலடியைத் தாண்டியிருந்தான். இரண்டாவது கியர். முழு அழுத்தம். அவளுக்கு ஒவ்வொரு பிஸ்டனும் தனித்தனியாகக் கேட்டது. கேட்டது போல் இருந்தது. வண்டி சிறிதாகிக்கொண்டே போனது. பின்விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாக வெயிலில் மின்னியது.

பாதி.

இங்கேதான் சிரிலோ விழுந்தது. அவர் அவள் பக்கத்தில் நின்றார். தடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் உதடு அசைந்தது.

பாதியைத் தாண்டியது. முக்கால். சக்கரங்கள் ஒருமுறை மணலைத் தோண்டின. வண்டி வால் ஆட்டியது. மார்லூசி வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கு நேரானது. இன்ஜின் சத்தம் உயர்ந்து, கத்தி, உச்சியைத் தொட்டது. வண்டி வானத்துக்குள் போவது போல் விளிம்பைத் தாண்டி மறைந்தது.

சத்தம் நின்றது.

தேய்ந்து போகவில்லை. வெட்டியது போல் நின்றது.

யாரும் ஒலிப்பான் அடிக்கவில்லை. காற்று மட்டும் மேட்டின் விளிம்பிலிருந்து மணலை இழைத்துக்கொண்டிருந்தது.

"மாமா எங்க?" என்றாள் சின்னப் பெண். தாய் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மார்லூசி ஏறத் தொடங்கினாள். மணல் காலை இழுத்தது. இரண்டடி ஏறினால் ஓரடி சரிந்தது. கையாலும் ஏறினாள். மறுபக்கம் ஏரி. மறுபக்கத்துச் சரிவு இதைவிடக் குத்து. சக்கரம் பூட்டிய வண்டி அந்தப் பக்கம் விழுந்திருந்தால் இந்தப் பக்கம் சத்தமே கேட்காது.

விளிம்பில் ஒரு தலை தெரிந்தது.

ஜெனிவால் நடந்து வந்தான். கையில் செருப்பு. குதிகாலை மணலில் புதைத்துப் புதைத்து இறங்கி, அவளிடம் வந்ததும் அப்படியே உட்கார்ந்தான். அவளும் விழுந்த மாதிரி உட்கார்ந்தாள்.

"உடைஞ்சுதா?"

"இல்ல."

"தட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல." அவன் உதடு வெளுத்திருந்தது. "பாதில திரும்பிப் பாத்தேன். நீ ஒக்கார்ற எடம் காலியா இருந்துது. அதுக்கப்பறம் இன்ஜினத் தவிர வேற ஒண்ணும் காதுல விழல. இப்போ, இப்போன்னே ஏறினேன். மேல போனதும் கை தானா சாவியத் திருப்பிடுச்சு."

அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள்.

"மறுபடி போடலாம்னு பாத்தேன்," என்றான். "ரெண்டு தடவ சாவியத் தொட்டேன். முடியலக்கா. சும்மா நிக்குது. நல்லாத்தான் இருக்கு. முடியல."

கீழே இறங்கியபோது கோயானியாக் குடும்பத்தை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டுநர் பழக்கத்தில் கேட்டான், பதறப் பதறவா, பதறாமலா என்று. சின்னப் பெண் பின்விளிம்பைக் காட்டினாள். தாய் அவளை இழுத்து உள்ளே, தன் பக்கத்து இருக்கையில் அழுத்தி உட்கார வைத்தாள்.

"பதறாம," என்றாள்.

சிரிலோ ஜெனிவாலிடம் வந்தார். என்ன சொல்வாரென்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கார்னிவல் முழுக்க நீ வால்ல," என்றார். "வாலும் வரிசைதான்டா. பழைய இன்ஜின மாட்டிட்டு வா." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "யாரு கயிறு வெச்சிருக்கீங்க? இவன் வண்டிய இழுத்துட்டு வரணும்."

கேலி பேசியவன்தான் முதலில் கயிற்றை எடுத்தான்.

*

இன்ஜினைப் பிரித்தபோது ஜெனிவால் கூட இருந்தான். வழக்கமாக இருக்க மாட்டான். போல்ட்டுகளைக் கழற்றி அவள் கேட்ட வரிசையில் வைத்தான். ராடுகள் வெளியே வந்தன. எண்ணெய் பூசி, ஒன்றுபோல, அழகாக இருந்தன. அவளுக்கு அவற்றைத் தொடப் பிடிக்கவில்லை.

நான்காவதைத் தனியே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"அது நல்லதுதானே?"

"நல்லதுதான். இனிமே தனி."

முதல் விதவையை வைஸ் இடுக்கியில் இறுக்கி, இரும்பு ரம்பத்தை எடுத்தாள். ஜெனிவால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். நல்ல இரும்பு. நேரம் பிடித்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி அறுத்தார்கள். துண்டு தரையில் விழுந்து கணகணவென்று ஒலித்தது.

மூன்றும் ஆறு துண்டுகளாயின. அறுத்த முகங்கள் வெள்ளையாக இருந்தன.

ஜெனிவால் விளக்கை இழுத்துக் குனிந்தான். "உள்ள விரிசல் எதாவது இருக்கான்னு பாக்கலாமா? கழுத்துப் பக்கம் ஒரு கோடு மாதிரி..."

"வேணாம்."

"தெரிஞ்சுக்கலாமேக்கா."

"இருந்தா நீ இனிமே தூங்க மாட்ட. இல்லன்னா என்னைய மன்னிக்க மாட்ட."

அவன் விளக்கை இருந்த இடத்துக்குத் தள்ளினான். மார்லூசி துண்டுகளைத் தகரத்தில் கூட்டி அள்ளினாள்.